புதுப்பிப்பு: 2019 இன்டெல் மேக் ப்ரோ வாங்கலாமா?

ஆப்பிள் தன் சொந்தச் சிப்புக்கு மாறிய பிறகும் 2019-இல் வந்த, இன்டெல் சிப் உள்ள மேக் ப்ரோ மேசைக் கணினியில் பெரிய தொகையைப் போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. வாங்கவில்லை, ஆப்பிள் சிப் உள்ள சின்ன மேசைக் கணினியான மேக் ஸ்டுடியோ எடுக்கப் போகிறேன்.

என் வேலை வீடியோ எடிட்டிங். ப்ரோரெஸ் (ஆப்பிளின் வீடியோ வடிவம்) கோப்புகள் தடங்கலில்லாமல் ஓட அந்த 2019 பெட்டிக்கென்றே ஆஃப்டர்பர்னர் என்று ஒரு கார்டைத் தனியாக விற்றார்கள். அந்த வேலையைச் செய்யும் பகுதி ஆப்பிளின் எம்1 மேக்ஸ் சிப்புக்குள்ளேயே வந்துவிட்டது. அப்புறம், இன்டெல் மேக்குகளுக்கு மேக்ஓஎஸ் 26தான் கடைசி இயங்குதளப் பதிப்பு என்று 2025-இல் ஆப்பிளே அறிவித்துவிட்டது. இனி அதில் பணம் போட மனம் வரவில்லை.

ஆனால் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அவசரப்பட்டு விற்க வேண்டாம். அதில் 1.5 டிபி வரை மெமரி போடலாம், கிராஃபிக்ஸ் கார்டையும் மாற்றலாம். 2023-இல் வந்த, ஆப்பிளின் எம்2 அல்ட்ரா சிப் உள்ள மேக் ப்ரோவில் 192 ஜிபிதான் உச்சம். கார்டு செருகும் ஸ்லாட் இருந்தும் கிராஃபிக்ஸ் கார்டு வேலை செய்யாது. அந்த ஸ்லாட்டில் போடும் ஆடியோ கார்டு, கேப்சர் கார்டு (வெளியிலிருந்து வரும் வீடியோவைப் பதிவது) தேவையில்லை என்றால் அதே சிப் உள்ள ஸ்டுடியோவே போதும். ஒன்று மட்டும்: ஸ்டுடியோவில் மெமரியைப் பிறகு கூட்ட முடியாது, வாங்கும்போதே தாராளமாக எடுத்துவிடுங்கள்.