மறு: ப்ளீட், தமிழ்ல என்ன வைக்கலாம்?

வணக்கம் அண்ணே,

அச்சுக்குப் போற படத்தை, தாளை வெட்டற கோட்டைத் தாண்டி கொஞ்சம் வெளிய நீட்டி விடறதைத்தானே ப்ளீட்ங்கறோம், அதுக்கு நீங்க சொன்னது:

> ப்ளீட்டுக்கு ‘கசிவு’னே வச்சிடலாமே, எல்லாருக்கும் தெரிஞ்ச சொல்லு.

கசிவு வேணாம்ணே. பிரஸ்ல கசிவுன்னா மை ஊறிப் பரவறது, அது பழுது. இது நாம வேணும்னே செய்யற வேலை. கோலாலம்பூர்ல பேண்ட் பசங்களுக்கு ஆல்பம் கவரும் போஸ்டரும் செய்யறவன்ங்கற முறையில சொல்றேன். சீடி கவர் வெட்டினப்புறம் 12 செ.மீ. சதுரம், ஆனா ஃபைல்ல படம் நாலு பக்கமும் 3 மி.மீ. வெளிய ஓடணும், ஆக 12.6. ஏன்னா கட்டிங் மெஷின் ஒவ்வொரு தாளா வெட்டறதில்ல, ஒரு கட்டுத் தாளை மொத்தமா அமுக்கிப் பிடிச்சு வெட்டுது, கத்தி இறங்கறப்ப தாள் துளி நகரும், மேல் தாளும் அடித்தாளும் ஒரே இடத்துல வெட்டுப்படாது. படம் வெட்டற கோட்டோட நின்னுட்டா கறுப்பு கவர்ல ஒரு ஓரம் மட்டும் வெள்ளை நூல் ஒட்டின மாதிரி தெரியும், அப்புறம் வேற எதுவும் கண்ணுல படாது. நம்ம பினாங்கு ஆலிகேட்ஸ் பேண்ட்ல பாடின அண்ணன் தம்பியோட பெரிய சுருட்டை முடி இருக்கே, அந்த மாதிரி முடிய கவர் ஓரம் வரைக்கும் கொண்டு போகணும்னா போட்டோ எடுக்கறப்பவே சுத்தி இடம் விட்டு எடுக்கணும்.

அதனால ‘வெட்டுமிகை’. "ஏ2 போஸ்டர், 3 மில்லி வெட்டுமிகை விட்டிருக்கேன்"னு சொல்லிப் பாருங்க, வாயில நல்லா வருது. ‘ஓரமிகை’யும் அழகுதான், ஆனா ஓரம்னா பசங்க மார்ஜின்னு எடுத்துக்குவாங்க, மார்ஜின் கோட்டுக்கு உள்ள, இது வெளிய.

----

தம்பி, வெட்டுமிகை எனக்குப் பிடிச்சிருக்கு, கசிவை விட்டுடறேன். ஒண்ணு மட்டும் கேக்கணும், வெட்டினதும் கீழ விழற காகிதத்துக்கும் இதே பேரா?

----

இல்லண்ணே, விழறது வெறும் துண்டு. வெட்டுமிகைங்கறது படத்தோட பகுதி. ஸ்பாட்டிஃபைக்குப் போடற சதுரப் படத்துல வெட்டே கிடையாது, அதனால இதுவும் கிடையாது. பசங்க அதே படத்தைத்தான் அப்படியே பிரஸ்ஸுக்கு அனுப்பிடறாங்க, கடைக்காரர் வேற வழியில்லாம கொஞ்சம் பெருசாக்கி வெட்டறார், ஓரத்துல இருக்கற பேண்ட் பேருல பாதி எழுத்து போயிடுது. அதான் எழுத்து நிக்க வேண்டிய உள்பகுதிக்கும் ஒரு பேரு வேணும், ‘காப்பெல்லை’ சரியா இருக்குமா? பிரஸ்ல வேலை செய்யறவங்க யாராச்சும் சொல்லுங்க.