'கலர் ஃபீல்ட்' ஓவியம்: தமிழில் என்ன சொல்லலாம்?

மடல் 1
அன்பர்களுக்கு வணக்கம். சனிக்கிழமை எங்கள் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகிறோம். பார்னெட் நியூமன் 1950-51இல் வரைந்த பெரிய சிவப்பு ஓவியம்தான் முக்கியம், ஏறக்குறைய 5.4 மீட்டர் அகலம். குறிப்பேடு வியாழனன்று அச்சுக்குப் போகவேண்டும். இப்படிப் படம் முழுதும் ஓரிரு நிறங்களே நிறைந்திருக்கும் ஓவிய வகைக்குப் பெயரான 'கலர் ஃபீல்ட்' என்பதை 'வண்ண வயல்' என்று எழுத மனம் வரவில்லை. உதவுங்கள்.

மடல் 2
நிறப்புலம். காந்தப்புலம், மின்புலம் ஏற்கெனவே பாடநூலில் உள்ளவை. புலம் என்றால் இடம், புலனால் அறியப்படுவதும் புலம். இந்த ஓவியங்களுக்கு இரண்டுமே பொருந்தும். வண்ணம் வேண்டாம், அது 'வர்ண'த்தின் திரிபு.

மடல் 3
ஐயா, தொல்காப்பியச் செய்யுளியலே இருபது வண்ணம் (பாட்டின் சந்த வகை) பேசுகிறதே? ஆனாலும் 'நிறம்' எனக்கும் பிடிக்கும். சங்கப் பாடல்களில் அதற்கு மார்பு என்றும் பொருள் உண்டு. "கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள" என்ற தொல்காப்பிய உரியியல் நூற்பாவையும் பாருங்கள், அவ்விரு சொல்லும் சினத்தைக் குறிக்கும் என்கிறது. நியூயார்க் உணவகம் ஒன்றுக்காக 1958இல் ஒப்புக்கொண்ட வேலையில் இதே வகை ஓவியரான மார்க் ராத்கோ தீட்டியது கறுப்பும் கருஞ்சிவப்பும்தான். பிறகு படங்களைத் தர மறுத்து, பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தப் படங்களின் முன் நின்றால் நூற்பா புரியும்.

மடல் 4
எல்லாம் சரி, பத்து வயதுப் பிள்ளைக்கு 'புலம்' புரியுமா? வண்ணவெளி என்று வையுங்கள். 1951 கண்காட்சியில் நியூமன், பெரிய படங்களைக் கிட்ட நின்று பார்க்கும்படி குறிப்பு எழுதி ஒட்டினார். கிட்டப் போனால் ஓரங்கள் மறைந்து சிவப்பு நம்மைச் சூழ்ந்துகொள்ளும். அது வெளிதானே?

மடல் 5
வெளி என்றால் ஆழம் வந்துவிடும். இந்த ஓவியர்களுக்காக வாதாடிய விமர்சகர் கிரீன்பெர்க் வலியுறுத்தியது தட்டைத்தன்மையை. எனவே வண்ணப்பரப்பு.

மடல் 6
தம்பி, யாழ்ப்பாணத்தில் பரப்பு என்றால் காணி அளவு. ஓர் ஏக்கருக்கு 16 பரப்பு. எங்கட பிள்ளைகள் காணி உறுதிப் பத்திரத்தைத்தான் நினைப்பினம்.

மடல் 7 (முதல் மடல் எழுதியவர்)
நன்றி. 'வண்ணப்பரப்பு'க்கு நால்வர் தனிமடலில் ஆதரவு தந்தார்கள். நேரமில்லை, அதையே அச்சுக்குக் கொடுக்கிறேன். நியூமன் 'ஜிப்' என்று அழைத்த நெடுங்கோடுகளுக்கு 'ஊடிழை' என்று எழுதிவிட்டேன்.

மடல் 8
அச்சிடுங்கள் அம்மா. ஆனால் பரப்பு ஓவியத்தின் அளவைத்தான் சொல்கிறது, பார்ப்பவருக்கு நேர்வதைச் சொல்லவில்லை. நம் கலைச்சொல் பட்டியலில் நிறப்புலத்தை நீக்க நான் உடன்படமாட்டேன். 'ஊடிழை'யும் தவறு, ஊடு நெசவில் குறுக்கே போவது, நியூமனின் கோடு நிமிர்ந்து நிற்பது. நெசவில் நெடுக்கே ஓடுவது பாவு, எனவே பாவிழை என்று திருத்துங்கள்.