உறைபனியில் படுத்துவிட்ட பேட்டரி செல்: மலையில் சின்ன கேமரா வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்

குன்னூரிலிருந்து:

ஆறு மாதம் முன்பு கோவையில் பழைய கேமரா விற்கும் கடையில் ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா வாங்கினேன். கேனான் பவர்ஷாட் ஏ1200, 2011-ல் வந்த மாடல். 12 மெகாபிக்சல், 4 மடங்கு ஜூம், இரண்டு ஏஏ செல் (பென்சில் பேட்டரி). மூவாயிரம் ரூபாய் ஆனது. கையில் போன் இருக்கும்போது இது எதற்கு என்று வீட்டில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கண்ணை வைத்துப் பார்க்க ஒரு சின்ன ஓட்டை இருக்கிறதே, அதற்காகத்தான் வாங்கினேன் என்று சொன்னால் யாருக்குப் புரியும்?

போன வாரம் உறைபனி எடுக்கலாம் என்று விடியற்காலையில் ஊட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் தலைகுந்தா போனேன். புல்வெளி முழுக்கச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. வெயில் ஏறினால் எல்லாம் கரைந்துவிடும் என்பதால் அவசரம் வேறு. வழியில் பெட்டிக்கடையில் வாங்கிய புது செல்தான் போட்டிருந்தேன். பதினொரு படம் எடுத்ததும் பேட்டரி காலி என்று காட்டி அணைந்துவிட்டது. டீக்கடையில் உட்கார்ந்து செல்லைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தேன். திரும்பப் போட்டால் இன்னும் ஆறு படம் எடுத்தது. அப்புறம் சுத்தமாக நின்றுவிட்டது. கோளாறு கேமராவிலா, செல்லிலா?

ஊட்டியிலிருந்து:

கேமராவைச் சந்தேகப்படாதீர்கள் தம்பி. இருபது வருடமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஒவ்வொரு சீசனிலும் டூரிஸ்டுகள் இதே கதையோடுதான் கடைக்கு வருவார்கள். பெட்டிக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் சுவர்க் கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் போடுகிற செல். கடிகாரம் சொட்டுச் சொட்டாகத்தான் கரண்ட் குடிக்கும். கேமராவோ லென்ஸ் வெளியே வரும்போதும் பிளாஷ் சார்ஜ் ஆகும்போதும் ஒரே மடக்கில் கேட்கும். குளிரில் செல்லுக்குள் நடக்கும் ரசாயன வேலை மந்தமாகிவிடுகிறது, கேட்டதைக் கொடுக்க முடிவதில்லை. கையில் வைத்துச் சூடு பண்ணியதும் ஆறு படம் வந்ததே, அது அதனால்தான்.

2000 எம்ஏஎச் (செல் எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு) நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல் நான்கு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு கேமராவில், இரண்டு ஸ்வெட்டருக்கு உள்ளே சட்டைப் பையில். வெளிப்பையில் வைத்தால் பிரயோஜனமில்லை. உங்கள் மாடலில் அந்த ஓட்டை இருக்கிறது என்கிறீர்கள், அப்படியானால் பின்பக்கத் திரையை அணைத்துவிட்டு அதில் பார்த்தே எடுங்கள். செல் நிறைய மிச்சமாகும்.

கோத்தகிரியிலிருந்து:

செல் பிரச்சினையை அண்ணன் தீர்த்துவிட்டார். எனக்குத் தொல்லை கொடுத்தது பனிமூட்டம். கோடநாடு காட்சிமுனையில் எடுத்த படமெல்லாம் பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி சாம்பலாக வரும். படகர்களின் ஹெத்தை அம்மன் பண்டிகைக்குப் பேரகணி ஊருக்குக் கிளம்பும்போது, வாசலில் மாமாவை வெள்ளை வேட்டி, வெள்ளைத் தலைப்பாகையோடு நிற்க வைத்து எடுத்தேன். படத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, துவைக்காத துணியா கட்டியிருக்கிறேன்?" என்று கேட்டார்.

பிறகுதான் விஷயம் பிடிபட்டது. முன்னால் இருப்பது எதுவானாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கத்தான் கேமராவின் ஒளி அளவி பார்க்கும். எங்கும் வெள்ளையாக இருந்தால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்து இருட்டடித்துவிடும். ஆட்டோவை விட்டு பி (P) என்ற முறைக்குப் போய், கூட்டல் கழித்தல் குறி போட்ட அமைப்பில் +1 வைத்துப் பாருங்கள். வேட்டி வேட்டியாக வரும். பிளாஷ் மட்டும் வேண்டாம், மூட்டத்தில் இருக்கும் நீர்த்துளியெல்லாம் வெள்ளைப் பொட்டு வைத்த மாதிரி படத்தில் விழும். போகஸ் கிடைக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் தவித்தால், அதே தூரத்தில் இருக்கும் கம்பியையோ மரத்தையோ பார்த்து பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டு, அப்படியே திருப்பி எடுக்கலாம்.

கூடலூரிலிருந்து:

உங்களுக்கெல்லாம் பனி, எங்களுக்கு மழை. என் கேமராவை (கம்பெனி பெயர் வேண்டாம், தப்பு என்னுடையது) தோல் உறையோடு ஜூனில் பீரோவில் வைத்தேன். செப்டம்பரில் எடுத்தால் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. பிரித்துத் துடைக்கிற கூலிக்கு இன்னொரு பழைய கேமரா வாங்கிவிடலாம் என்றார் ரிப்பேர்காரர். தோல் உறைதான் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது.

இப்போது இருப்பதைக் காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கிறேன். அதில் இருக்கும் நீல மணி ரோஸ் நிறமானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், மாற்ற வேண்டும். யாரோ சொன்னார்கள் என்று அரிசிக்குள் புதைக்காதீர்கள். தவிட்டுத் தூள் லென்ஸ் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மறுபடியும் கோத்தகிரி, வேறு ஆள்:

யாரும் காட்டெருமையைப் பற்றிப் பேசவில்லையே! எங்கள் எஸ்டேட் லைன் வீட்டுக்குப் பின்னால் தேயிலைக்குள் அந்தி நேரத்தில் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. நான் கொல்லைப்புறப் படியில் நின்றுதான் எடுத்தேன், ஆனாலும் கேமரா ஆட்டோவில் இருந்ததால் பிளாஷ் அடித்துவிட்டது. அது தலையைத் தூக்கி ஒரு சீறல் சீறியது. கதவைச் சாத்தியது என் கையா, கூட நின்ற என் அண்ணியின் கையா என்று இன்றுவரை தெரியாது. படத்தில் வந்தது இரண்டு பச்சைக் கண், மற்றதெல்லாம் இருட்டு. இந்தச் சின்ன பிளாஷ் மூன்று நான்கு மீட்டரைத் தாண்டாது. மின்னல் குறி போட்ட பட்டனை அழுத்தி முதல் வேலையாக அதை அணைத்து வையுங்கள். 4 மடங்கு ஜூம் போதவில்லையா? போதாத படம் போதும், கிட்டே போக வேண்டாம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து:

ஒன்றே ஒன்று. மலை ரயிலில் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுபவர்கள் கேமரா கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே என்னுடையது கைநழுவியது. கயிறு இருந்ததால் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

குன்னூரிலிருந்து, பத்து நாள் கழித்து:

எல்லாருக்கும் நன்றி. ரீசார்ஜ் செல் வாங்கி, நேற்று மறுபடி தலைகுந்தா போனேன். திரையை அணைத்துவிட்டேன். அக்கா சொன்ன +1 உறைபனிக்குக் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது, வெயில் பட்ட இடம் வெளுத்துப் போனதால் +0.7-க்குக் குறைத்தேன், சரியாக வந்தது. அறுபத்துநான்கு படம். சட்டைப் பையில் இருந்த ஜோடியைத் தொடவே இல்லை. விரல் மரத்துப்போய்ப் பட்டனை அழுத்த முடியாமல்தான் திரும்பி வந்தேன். அதற்கு யாரிடமாவது வழி இருக்கிறதா? உல்லன் கையுறை போட்டால் எந்தப் பட்டனில் கை இருக்கிறது என்றே தெரியவில்லை.