பைபாஸுக்கு அப்புறம் பம்பிங் ஏறிச்சா? உங்க அனுபவம் சொல்லுங்க

செம்பூர்வாசி:
அப்பாவுக்குப் போன வருஷம் இங்கே மும்பையிலேயே பைபாஸ். இதய ரத்தக்குழாய்களில் மூணு பிளாக். பம்பிங்னா, இதயத்தின் இடது அறையில இருக்கிற ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் எத்தனை சதவீதம் வெளியே போகுதுங்கிற கணக்கு. நார்மலா 55 சதவீதத்துக்கு மேல இருக்க வேண்டிய அது, ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த எக்கோவில் (இதயத்துக்கான அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) 30தான். இதயத்தின் முன்சுவர் அசையவே இல்லைன்னு ரிப்போர்ட். திருநெல்வேலியிலிருந்து பெரியப்பா போன் பண்ணி, "செத்த சதைக்கு எதுக்குடே நெஞ்சைப் பிளக்கணும்"னார்.

டாக்டர் பெட் ஸ்கேன் எழுதினார். ரத்தம் ரொம்ப நாளா குறைவா வந்தா, தசை வேலையைக் குறைச்சுக்கிட்டு உயிரை மட்டும் பிடிச்சு வச்சிருக்குமாம். இந்த ஸ்கேனில் அசையாத இடம் குளுக்கோஸ் எடுத்தா உயிர் இருக்கு, தழும்பாயிருந்தா எடுக்காது. அப்பாவுக்குப் பெரும்பகுதி எடுத்தது.

மார்பு உள்பக்கத் தமனியை முன்சுவர்க் குழாய்க்கும், காலிலிருந்து எடுத்த சிரையை மத்த ரெண்டுக்கும் வச்சாங்க. டிஸ்சார்ஜ் அன்னைக்கு பம்பிங் 32. இதுக்கா இவ்வளவு செலவுன்னு தோணிச்சு, பொய் சொல்லல. தலையணையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டுத்தான் இருமுவார். மூச்சுப் பயிற்சிக்கான மூணு பந்துக் கருவியில் மூச்சை இழுக்கும்போது ரெண்டாவது பந்து எழும்பினதுக்கே வீட்ல கைதட்டல். சில மாசம் கழிச்சு எடுத்த எக்கோவில் 43. தூங்கின தசைக்குள்ள நாரெல்லாம் திரும்ப அடுக்கணுமே, ஒரு வாரத்தில் ஆகாது.

மாட்டுங்கா மருமகள்:
என் மாமனாருக்கு வேற கதை. திடீர்னு அட்டாக், உடனே ஸ்டென்ட். குழாய் திறந்தும் மறுநாள் எக்கோ மோசம், பயந்துட்டோம். அடைப்பு சீக்கிரம் திறந்ததால தசை சாகல, மரத்துப்போயிருக்கு, அவ்வளவுதான்னாங்க. ரெண்டு வாரத்தில் நல்லாவே அசைஞ்சது.

முலுண்டு நர்ஸ்:
ஸ்கேனை மட்டும் நம்பி முடிவெடுக்காதீங்க. பம்பிங் 35ம் அதுக்குக் கீழயும் இருந்தவங்களை வச்சு நடந்த ஸ்டிச் ஆய்வில், 2016ல் வந்த பத்து வருஷ முடிவு: மாத்திரை மட்டும் எடுத்தவங்களில் 66 சதவீதம் பேர் இறந்தாங்க, பைபாஸும் செஞ்சவங்களில் 59. ஆனா 2019ல் பார்த்தப்போ, தசையில உயிர் இருக்குன்னு ஸ்கேன் சொன்னவங்களுக்கு மட்டும்தான் அந்தப் பலன்னு நிரூபணமாகல. பம்பிங் ஏறாமலே மூச்சிரைப்பு குறைஞ்சு நடமாடுறவங்களை வார்டில் பார்த்திருக்கேன். அப்புறம் செம்பூர்க்காரரே, 43 ஆயிடுச்சுன்னு மாத்திரையை நிறுத்திடாதீங்க.

செம்பூர்வாசி:
நிறுத்தலாமான்னு அப்பா ஏற்கெனவே கேட்டாச்சு சிஸ்டர். இதைப் படிச்சுக் காட்டுறேன்.