மறு: ‘பேன்ட்டர்’ – ‘எசப்பேச்சு’ சரிப்படுமா?

> பேன்ட்டர் = சாதுரியச் சொல்லாடல்

ஐயா, நட்பாக ஒருவரையொருவர் சீண்டிப் பேசுவதைக் குறிக்கும் ‘பேன்ட்டர்’ (banter) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘சாதுரியச் சொல்லாடல்’ என்று நீங்கள் முன்வைத்தீர்கள். பொருள் பொருந்துகிறது. ஆனால் டீக்கடையில் நாலு பேர் ஒருவரையொருவர் ஓட்டிக்கொண்டிருப்பதை யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அந்த ஆங்கிலச் சொல்லே தெருவிலிருந்து வந்ததுதான். 1670களில் எழுத்தில் தலைகாட்டியது. அதன் வேர் இன்றுவரை பிடிபடவில்லை. ‘கல்லிவரின் பயணங்கள்’ எழுதிய ஜொனாதன் ஸ்விஃப்ட்டுக்கு அதைக் கண்டாலே ஆகாது. லண்டனின் வைட்ஃபிரையர்ஸ் வட்டாரத்து ரவுடிகளிடம் கடன் வாங்கி, அப்புறம் ஏவலாட்களிடம் போய், கடைசியில் பண்டிதர்களிடம் ஒதுங்கிய சொல் என்று எழுதினார். ‘மாப்’ (mob, கும்பல்), ‘பேன்ட்டர்’ இரண்டு சொற்களும் பரவுவதைத் தடுக்கப் பல ஆண்டுகள் பாடுபட்டும் ஆள்பலத்திடம் தோற்றுப்போனதாக 1710இல் ‘டாட்லர்’ இதழில் அவரே ஒப்புக்கொண்டார். புழக்கத்தை எதிர்த்து ஸ்விஃப்ட்டாலேயே முடியவில்லை. நாமும் புழங்கும் சொல்லிலிருந்தே தொடங்குவோம்.

பகடி, நையாண்டி இரண்டையும் ஏற்கெனவே வேறு ஆங்கிலச் சொற்களுக்குக் கொடுத்துவிட்டோம். கலாய்ப்பில் ஒருவர் கலாய்க்க இன்னொருவர் மாட்டிக்கொள்கிறார். கொங்குப் பக்கத்து லொள்ளும் குசும்பும் ஆளின் குணத்தைச் சொல்பவை. நமக்கு வேண்டியது இரண்டு பக்கமும் சளைக்காமல் பேசுவதைக் குறிக்கும் சொல்.

அது எசப்பாட்டில் இருக்கிறது. ஒருவர் பாட, எதிரே இருப்பவர் உடனே மடக்கிப் பாடுவார். தஞ்சைப் பக்கத்து லாவணியையும் எண்ணிப் பாருங்கள்: மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று இன்னொரு கட்சி, கேட்ட கேள்விக்கு அந்த இடத்திலேயே பாட்டால் பதில் சொல்லியாக வேண்டும். இந்த வேகமும் சீண்டலும்தான் பேன்ட்டர். ஆகவே ‘எசப்பேச்சு’ என்று முன்மொழிகிறேன்.

> ‘ஏச்சுப்பேச்சு’ என்று காதில் விழாதா?

வேகமாகச் சொன்னால் விழலாம். ஆனால் ஏசலும் நம் மரபில் வெறும் திட்டு இல்லையே! வள்ளி தெய்வானை ஏசலில் முருகனின் இரு மனைவியரும் ஒருவரையொருவர் குத்திக்காட்டுவது கேட்பவர் ரசிப்பதற்குத்தான்.

பேன்ட்டரில் சட்டென்று திருப்பிக் கொடுக்கும் பதிலான ‘ரிப்போஸ்ட்’டுக்கு (riposte) புதுச்சொல்லே வேண்டாம். வாள்வீச்சில் எதிராளியின் வாளைத் தடுத்த கையோடு திருப்பிக் குத்துவதற்கு அந்தப் பெயர். ‘பதில்’ என்னும் பொருள்கொண்ட இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. நம்மிடம் ‘பதிலடி’ இருக்கிறது.

எழுத்துமுறை ஒன்றுதான் பாக்கி. ‘இசைப்பேச்சு’ என்று திருத்தினால் படிப்பவர் சங்கீதத்தை நினைப்பார். ‘எச’ என்றே வைக்கலாம் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் வேறொரு வழக்குச் சொல்லோடு எழுதுங்கள்.