புதுப்பிப்பு: செவிலியர்களுக்கான சிபிஆர் (இதயம் நின்றவரின் மார்பை அழுத்தி உயிர் காக்கும் முதலுதவி) பயிற்சி

மருத்துவமனைப் பயிற்சி ஒருங்கிணைப்பாளர் வேலை பற்றிய முந்தைய இழையில், "சான்றிதழ் இருந்தும் கை ஏன் சரியாக விழுவதில்லை?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அதற்கான பதில் இது.

பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்பு) சான்றிதழ் 2 ஆண்டு செல்லும். கைப்பழக்கமோ சில மாதங்களிலேயே தளர்ந்துவிடும். ஆகவே 3 மாதத்துக்கு ஒருமுறை வார்டிலேயே 10 நிமிடப் பயிற்சி வையுங்கள். பயிற்சிப் பொம்மையைத் தரையிலோ கெட்டியான பலகையிலோ கிடத்துங்கள். மெத்தையில் வைத்தால் அழுத்தம் மெத்தைக்கே போய்விடும். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5 முதல் 6 செ.மீ. எண்ணிக்கையை எல்லாரும் பிடித்துக்கொள்கிறார்கள். கையைத் தளர்த்தும்போதுதான் கவனியுங்கள்: களைத்தவர் உள்ளங்கையை ஊன்றிச் சாய்ந்தே இருப்பார், மார்பு முழுதாக மேலெழாது, இதயத்தில் ரத்தம் நிரம்பாது. 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறட்டும். அழுத்தம் நிற்கும் இடைவெளி 10 நொடியைத் தாண்டக் கூடாது.

டியூட்டி ரோஸ்டரைக் கையில் வாங்கிய பிறகே வகுப்புத் தேதி குறியுங்கள். நைட் டியூட்டி முடித்தவரைக் காலை வகுப்பில் உட்காரவைப்பது அநியாயம், பயனும் இல்லை. ஒரு பயிற்றுநருக்கு 6 பேர் போதும். கூடினால் பின்னால் நிற்பவர் பொம்மையைத் தொடாமலே வீடு திரும்புவார்.