புதுப்பிப்பு: நான் உருவாக்கும் வேற்றுக்கிரக இனங்கள் எல்லாம் மனிதர்கள் மாதிரியே வருகின்றன

எங்கள் விண்வெளி ரோல்பிளே (ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும்) ஆட்டத்துக்கு எந்த இனத்தை எழுதினாலும் முகம் மாறிய மனிதர்களாகவே வருகிறார்கள் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"முகத்தை விடுங்க, முதலில் இடத்தை முடிவு பண்ணுங்க" என்ற யோசனைதான் கைகொடுத்தது. மனிதர்களிலிருந்து பிரிந்த கிளை இனத்தை சனியின் நிலவான டைட்டனில் குடிவைத்தேன். அங்கே ஈர்ப்பு பூமியில் ஏழில் ஒரு பங்கு, காற்றழுத்தம் ஒன்றரை மடங்கு, குளிர் மைனஸ் 179 டிகிரி; அழுத்த உடை தேவையில்லை, கதகதப்பும் ஆக்சிஜனும் இருந்தால் போதும், கையில் சிறகு கட்டிக்கொண்டு பறக்கவே செய்யலாம். அப்புறம் பழக்கவழக்கமெல்லாம் தானாக வந்தது: வீட்டு வாசல் கூரையில் இருக்கும், விருந்தாளி இறங்கியதும் சிறகை வாங்கி மாட்டி வைப்பதுதான் மரியாதை.

வேற்றினத்துக்கு, செங்குறுமீன் (சிறிய, மங்கலான சிவப்பு நட்சத்திரம்) ஒன்றுக்கு எப்போதும் ஒரே முகம் காட்டிச் சுற்றும் கோளை எடுத்துக்கொண்டேன். சூரியன் நகராத ஊரில் 'நாளை' என்ற சொல்லே கிடையாது என்று வைத்தேன். எதிர்பாராதது இதுதான்: அந்தப் பாத்திரத்தை ஆடிய நண்பர் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்ல முடியாமல், "இன்னும் இரண்டு தூக்கம் கழித்து" என்று பேச ஆரம்பித்தார், இப்போது மேசையில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறோம். எழுதி வைத்திருந்த மற்ற நான்கு இனங்களை எடுத்துவிட்டேன், இந்த இரண்டே போதுமானதாக இருக்கிறது.